தசை விடுக்கும் தூது
உடற்பயிற்சியும் அழற்சிப் புரதங்களும்

கொசு கடித்த இடம் சிவக்கிறது, சற்றே வெம்மை கொள்கிறது, தடிக்கிறது, அரிப்போ வலியோ தோன்றுகிறது. செம்மை, வெம்மை, வீக்கம், வலி என்னும் இந்நான்கு குறிகளையும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் என்பார் தம் மருத்துவ நூலில் தொகுத்துரைத்தார். இக்குறிகளுடன் கூடிய உடலின் எதிர்வினையே அழற்சி எனப்படுவது. அழற்சி ஒரு நோயன்று. காயத்தையும் கிருமியையும் எதிர்த்து உடல் மேற்கொள்ளும் தற்காப்பு அது. முடிய வேண்டிய வேளையில் அது முடிந்துவிடுமாயின் நன்மையே விளையும். முடியாமல் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்குமாயின் கேடு விளையும்.

இந்தப் புகைச்சலை உடலுழைப்பு எவ்வாறு தணிக்கிறது என்னும் வினாவிற்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் கிடைத்துள்ள விடை வியப்பூட்டுவது. அதன் ஒரு பகுதி டில்லியில் நடந்த ஆராய்ச்சிகளினின்றும் வந்தது.

செய்தி சொல்லும் புரதங்கள்

சிற்றூரில் ஒரு கூரை தீப்பற்றினால் முதலில் கண்டவன் கூவுகிறான்; அக்கூக்குரல் கேட்டு அடுத்த தெருவில் பறை முழங்குகிறது; பறையொலி கேட்டு ஊரார் குடத்துடன் ஓடிவருகின்றனர். உடலிலும் இத்தகைய அஞ்சல் முறை உண்டு. அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதற்காகச் சுரக்கும் சிறு புரதங்களுக்குச் சைட்டோகைன்கள் என்பது பெயர். கிருமி புகுந்தவுடன் வெள்ளணுக்களில் ஒருவகையான பெருவிழுங்கணுக்கள் டி.என்.எஃப். ஆல்பா என்னும் புரதத்தை வெளியிடுகின்றன. அதனைத் தொடர்ந்து இன்டர்லூகின்-1, பின்னர் இன்டர்லூகின்-6 ஆகியவை பெருகுகின்றன. இன்டர்லூகின்-6 குருதி வழியே கல்லீரலை அடைந்து, சி-வினைப் புரதம் என்ற பிறிதொரு புரதத்தை ஏராளமாக உண்டாக்குமாறு ஏவுகிறது. இப்புரதத்தை 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டில்லட், ஃபிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளரின் குருதியிற் கண்டறிந்தனர். இன்டர்லூகின்-6 ஓசாகாவில் கிஷிமோட்டோ, ஹிரானோ ஆகியோரின் முயற்சியால் 1986-இல் தனித்தறியப்பட்டது.

கூவுவோர் இருப்பது போலவே அடக்குவோரும் உளர். இன்டர்லூகின்-10, இன்டர்லூகின்-1-இன் வேலையைத் தடுக்கும் மறுப்புப் புரதம் ஆகியவை ‘போதும், அடங்குக’ என்னும் செய்தியைப் பரப்புவன. அழற்சி எப்பொழுது எழும், எப்பொழுது ஓயும் என்பது இவ்விரு சாராரின் நிறையைப் பொறுத்தது.

அளவைக் கூறாவிடில் இப்பொருள் விளங்காது. நலமாக ஓய்ந்திருக்கும் ஒருவரின் குருதி நீரில், ஒரு மில்லி லிட்டருக்கு இன்டர்லூகின்-6 ஓரிரு பிக்கோகிராம் அளவே இருக்கும். பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. சி-வினைப் புரதமோ லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் அளக்கப்படுவது. ஆதலின் எளிய ஆய்வுக்கூடமும் அதனை அளக்க இயலும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைவாயின் இதய நோய்க்கான ஆபத்து குறைவென்றும், 3-க்கு மேற்படின் மிகுதியென்றும் மருத்துவர் கொள்வர். கடுந்தொற்று நேர்கையில் இதே புரதம் 100-ஐயும் கடந்துவிடும்.

புகைந்துகொண்டிருக்கும் நெருப்பு

மேற்கூறிய 100 என்பது பற்றியெரியும் தீ. அது யாவர்க்கும் தெரியும். காய்ச்சலே அதனை அறிவித்துவிடும். 3, 4 என்னும் அளவில் ஆண்டுக்கணக்காக நிற்பது சாம்பலுக்கடியில் கிடக்கும் கங்கு. அதனால் வலியில்லை, காய்ச்சலில்லை. ஆயினும் குருதிக் குழாய்ச் சுவர் தடிப்பதற்கும், இன்சுலினுக்குத் தசை செவிசாய்க்காமற் போவதற்கும் அது துணைபோகிறது.

இக்கங்கு எங்கே கிடக்கிறது? 1993-இல் பாஸ்டன் நகரில் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோர், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். ஆல்பாவைச் சுரப்பதைக் கண்டனர். கொழுப்பு வெறும் சேமக் களஞ்சியம் என்னும் பழைய எண்ணம் அத்துடன் மாறிற்று. குறிப்பாக, வயிற்றினுள் உறுப்புகளைச் சூழ்ந்து படியும் கொழுப்பு பெருகும்பொழுது பெருவிழுங்கணுக்கள் அங்கே வந்து குழுமுகின்றன. அழற்சிப் புரதங்கள் இடையறாது கசிகின்றன.

இந்தியர்க்கு இதில் தனிக் கவலை உண்டு. புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் நகர மருத்துவர் யூட்கினும் 2004-இல் தங்கள் இருவரின் உடலளவுகளையே ‘லான்செட்’ இதழில் அருகருகே வெளியிட்டனர். இருவர்க்கும் உடல் எடைக் குறியீடு 22.3 தான். ஆனால் ஆங்கிலேயரின் உடலிற் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடலில் 21.2 விழுக்காடு! எடைத் தட்டு ஒன்றையே நம்பி ஒருவரை ‘ஒல்லி’ எனத் தள்ளிவிடுவது நம் நாட்டில் எவ்வளவு பிழையாகும் என்பதற்கு இதனினும் சுருக்கமான பாடம் கிடைப்பது அரிது. டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த அனூப் மிஸ்ரா, நாவல் விக்ரம் முதலியோர் வட இந்திய நகரங்களின் நலமான இளவயதினரை ஆராய்ந்து, உடற்கொழுப்புக்கும் சி-வினைப் புரதத்துக்கும் உள்ள தொடர்பை 2003-இல் வெளியிட்டனர். பள்ளி, கல்லூரிப் பருவத்திலேயே இக்கணக்கு தொடங்கிவிடுகிறது என்பது ஆசிரியர்கள் கருதத்தக்கது.

உழைப்பின் நிலையோ மகிழ்ச்சி தருவதாயில்லை. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2014-இல் வெளியான கணிப்பில், ஆராயப்பட்டோரில் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாதவர் எனத் தெரிந்தது. ஓய்வு நேரத்தில் விளையாட்டோ பயிற்சியோ செய்தவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

ஒரு புதிர்

இனி, பயிற்சிக்கு வருவோம். பயிற்சி அழற்சியைக் குறைக்குமெனின், ஓடி முடித்தவுடன் ஒருவரின் குருதியில் இன்டர்லூகின்-6 குறைந்திருக்க வேண்டுமன்றோ? நேர்மாறாக, அது ஏறியிருக்கிறது. நெடுந்தொலை ஓட்டமாகிய மாரத்தான் ஓடியவரிடம் நூறு மடங்கு வரைகூட ஏறியதை ஆராய்ச்சியாளர் கண்டனர். தசை கிழிந்து புண்ணானதால் எழுந்த அழற்சியே இது எனத் தொடக்கத்தில் பலரும் எண்ணினர். அவ்வெண்ணம் இயல்பானதே.

கோபன்ஹேகன் நகரில் பெண்டே கிளார்லுண்ட் பெடர்சனும் அவருடைய கூட்டாளிகளும் அதனைச் சோதித்த முறை, விஞ்ஞான பாடம் நடத்துவோர்க்கு எடுத்துக்காட்டாக அமையத்தக்கது. நலமான இளைஞர்கள் ஒரு காலை மட்டும் ஐந்து மணி நேரம் நீட்டி மடக்கி உழைத்தனர், மறுகால் ஓய்ந்திருந்தது. ஒவ்வொரு காலுக்குள்ளும் செல்லும் குருதியிலும், அதனின்று வெளிவரும் குருதியிலும் இன்டர்லூகின்-6 அளக்கப்பட்டது. உழைத்த காலினின்று வெளிவந்த குருதியில் அது மிகுந்திருந்தது. ஓய்ந்த காலில் அவ்வாறில்லை. ஒரே மனிதர், ஒரே குருதி, ஒரே வேளை. வேறுபாடு உழைப்பு ஒன்றே. எனவே சுருங்கி விரியும் தசையே அப்புரதத்தைச் சுரக்கிறது என்பது 2000-இல் உறுதியாயிற்று. தசை சுரந்து பிற உறுப்புகளுக்கு அனுப்பும் இத்தகைய தூதுப் புரதங்களுக்கு 2003-இல் பெடர்சன் குழுவினர் மயோகைன் எனப் பெயரிட்டனர்.

மீண்டும் பழைய வினா: தீமை செய்யும் புரதத்தைத் தசை ஏன் சுரக்க வேண்டும்? விடை, அதன் பிறப்பிடத்திலும், உடன் வருவோரிலும், தங்கும் காலத்திலும் அடங்கியுள்ளது. கிருமித் தொற்றில் டி.என்.எஃப். ஆல்பா முன்னே வர, இன்டர்லூகின்-6 பின்னே வருகிறது. பயிற்சியிலோ டி.என்.எஃப். ஆல்பா எழுவதில்லை, மிகக் கடுமையான ஓட்டத்தில் மட்டுமே சிறிது எழும். தசையில் சேமித்துள்ள கிளைக்கோசன் என்னும் மாவுப்பொருள் தீரத் தீர, இன்டர்லூகின்-6 தனித்துப் பெருகுகிறது. ‘சரக்கு குறைகிறது, சர்க்கரையும் கொழுப்பும் அனுப்புக’ என்று கல்லீரலுக்கும் கொழுப்புத் திசுவுக்கும் அது ஓலை விடுக்கிறது எனலாம். பயிற்சி நின்ற சில மணி நேரத்தில் அது பழைய அளவுக்கு இறங்கிவிடும். இறங்குமுன் அது செய்துவிட்டுப் போகும் வேலையே முக்கியமானது: இன்டர்லூகின்-10-ஐயும், இன்டர்லூகின்-1-இன் மறுப்புப் புரதத்தையும் அது எழுப்பிவிடுகிறது. கூவுவோனாகப் பெயர்பெற்றவன் இங்கே அடக்குவோரை அழைத்துவருகிறான்.

இது வெறும் ஊகமன்று. 2003-இல் ஸ்டார்க்கி என்பாரும் பிறரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், நலமான ஆடவர்க்குக் கிருமியின் நச்சுப்பொருள் மிகச் சிறிய அளவில் ஊசி வழியே செலுத்தப்பட்டது. ஓய்ந்திருந்தபொழுது அவர்தம் குருதியில் டி.என்.எஃப். ஆல்பா இரண்டு மூன்று மடங்கு உயர்ந்தது. மூன்று மணி நேரம் மிதிவண்டிப் பயிற்சி செய்தபொழுது அவ்வுயர்வு தோன்றவில்லை. பயிற்சியின்றி இன்டர்லூகின்-6-ஐ மட்டும் செலுத்தியபொழுதும் தோன்றவில்லை.

மற்றொரு சான்று 2019-இல் வந்தது. வயிற்றுக் கொழுப்பு மிகுந்தோர் 12 வாரம் மிதிவண்டிப் பயிற்சி செய்தனர். சிலர்க்கு, இன்டர்லூகின்-6-இன் செய்தியைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்து தரப்பட்டது. பிறர்க்குப் போலி மருந்து. போலி மருந்து பெற்றோர்க்கு உள்வயிற்றுக் கொழுப்பு கரைந்தது. தடுப்பு மருந்து பெற்றோர் அதே பயிற்சியைச் செய்தும் கரையவில்லை. அழற்சியை அடக்குவதற்கென்றே மூட்டுவாத நோயாளர்க்கு அளிக்கப்படும் மருந்து இது என்பதை நினைவிற்கொண்டால் புதிரின் ஆழம் புலப்படும். இன்டர்லூகின்-6-ஐ ‘கெட்ட புரதம்’ என்று கரும்பலகையில் எழுதிவைப்பது இனிப் பொருந்தாது.

நாட்பட்ட பயிற்சியால் ஓய்வு நிலையிலுள்ள இன்டர்லூகின்-6-உம் சி-வினைப் புரதமும் தாழ்கின்றன எனப் பல ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அத்தாழ்வில் பெரும்பங்கு கொழுப்புக் குறைவால் வருவது; தசையின் நேரடிச் செயலால் வரும் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துக் கூறுதல் எளிதன்று.

டில்லியின் ஆராய்ச்சிகள்

அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் 1956-இல் நிறுவப்பட்டது. அதன் உடலியல் துறையைத் தொடங்கி நடத்திய பேராசிரியர் பி. கே. ஆனந்த், 1961-இல் ராமானந்த யோகி என்பாரைக் காற்றுப் புகாப் பெட்டிக்குள் இருத்தி, அவர் உட்கொள்ளும் பிராணவாயுவின் அளவைக் கணக்கிட்டார். யோகப் பயிற்சியை வியப்புக்குரியதாக மட்டும் கருதாமல் அளவைக்குரியதாக மாற்றிய மரபு அத்துறைக்கு அன்றே வாய்த்தது. அதே துறையின் ஒருங்கிணைந்த நலவாழ்வு மருத்துவப் பிரிவு பிற்காலத்தில் அழற்சிப் புரதங்களை அளக்கத் தொடங்கியது.

ராஜ்குமார் யாதவும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட முடிவுகள் இவை: நாட்பட்ட நோயுடையோரும் உடல் பருத்தோருமாகிய 86 பேர் பத்து நாள் பயிற்சியிற் கலந்துகொண்டனர். ஆசனம், பிராணாயாமம், தியானம், உணவு பற்றிய அறிவுரை, மன அமைதிக்கான விளக்கவுரைகள் ஆகியவை அதில் அடங்கும். பத்தாம் நாளில் இன்டர்லூகின்-6-உம் டி.என்.எஃப். ஆல்பாவும் தாழ்ந்திருந்தன, மனவழுத்தத்தின்போது பெருகும் கார்ட்டிசோலும் தாழ்ந்திருந்தது, வலியைத் தணிக்கும் பீட்டா எண்டார்பின் உயர்ந்திருந்தது. பருத்த ஆடவரிடம் இக்குழுவினரே நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இன்டர்லூகின்-6 தாழ்ந்ததோடு, கொழுப்புத் திசு சுரக்கும் நற்புரதமாகிய அடிபோனெக்டின் உயர்ந்ததும் காணப்பட்டது.

இம்முடிவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? பத்தே நாளில் மாற்றம் தெரிந்தது மெய். ஆயினும் பயிற்சி பெறாத ஒப்புநோக்குக் குழு 2012-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் இல்லை. உணவும் மாறிற்று, பயிற்சியும் சேர்ந்தது, வீட்டுக் கவலையும் பத்து நாள் ஒதுங்கியிருந்திருக்கலாம். இவற்றுள் எது எவ்வளவு செய்தது என்று பிரிக்க வழியில்லை. ஆராய்ச்சியாளரும் அவற்றை முதற்கட்ட முடிவுகள் என்றே தலைப்பில் குறித்தனர். அந்நேர்மையைச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் கைவிட்டுவிடுகின்றன.

ஆசனப் பயிற்சியில் கிளைக்கோசன் தீருமளவிற்குத் தசை உழைப்பதில்லை என்பதும் நோக்கத்தக்கது. ஆதலின் கோபன்ஹேகனில் கண்ட வழி இங்கே பெரிதும் செயற்படுவதாகக் கொள்ள இயலாது. மூளையினின்று இறங்கும் வேகஸ் நரம்பு அழற்சியை அடக்கவல்லது என விலங்குகளிடம் நிறுவப்பட்டுள்ளது. மெல்ல மூச்செறிதல் அந்நரம்பின் வழியே பயனளிக்கலாம் என்பது தக்க ஊகம், அதற்குமேல் கூறுவதற்கில்லை.

இதனினும் உறுதியான அமைப்புடையது, அதே கழகத்தின் ரீமா தாதா, உமா குமார் முதலியோர் 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. முடக்குவாத மூட்டழற்சியுடைய 72 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினரும் வழக்கமான மருந்தை உட்கொண்டனர். ஒரு பிரிவினர் மட்டும் எட்டு வாரம் யோகப் பயிற்சியும் மேற்கொண்டனர். பயிற்சி பெற்றோரிடம் இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-17ஏ, டி.என்.எஃப். ஆல்பா ஆகியவை தாழ்ந்தன, மனச்சோர்வும் குறைந்தது. தாம் எப்பிரிவில் உள்ளோம் என்பது கலந்துகொண்டோர்க்குத் தெரியுமாதலின், சோர்வு பற்றி அவர் கூறும் விடையில் எதிர்பார்ப்பும் கலந்திருக்கக்கூடும். குருதியில் உள்ள புரதத்தை அவ்வளவு எளிதாக எதிர்பார்ப்பு மாற்றிவிடாது. மருந்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்யலாம் என்று இவ்வாராய்ச்சி கூறவில்லை என்பதை நோயாளர்க்குக் களப்பணியாளர் வற்புறுத்திச் சொல்லுதல் வேண்டும். மருந்தை இடையில் விட்டால் மூட்டு சிதையும். சிதைந்த மூட்டு மீள்வதில்லை.

மாசுபட்ட காற்றில் பயிற்சி

டில்லியைப் பற்றிப் பேசுவோர் அதன் காற்றைப் பேசாமல் விடல் ஆகாது. 2.5 மைக்ரானுக்குச் சிறுத்த துகள்கள் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று, அங்குள்ள பெருவிழுங்கணுக்களைக் கிளறி, இதே இன்டர்லூகின்-6-ஐயும் டி.என்.எஃப். ஆல்பாவையும் எழுப்புகின்றன. அண்மை ஆண்டுகளில் டில்லியின் ஆண்டுச் சராசரி, கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமை ஒட்டி நின்றுள்ளது. நாட்டின் வரம்பு 40, உலக நல நிறுவனம் 2021-இல் விதித்த வரம்பு 5. ஓய்ந்திருப்பவர் நிமிடத்திற்கு ஆறேழு லிட்டர் காற்றை உட்கொள்வார். விரைந்து ஓடுபவர் அதனினும் பத்து மடங்கு உட்கொள்வார். அவ்வளவு துகளும் உடன் செல்லும்.

அவ்வாறாயின் பயிற்சியையே விட்டுவிடுவதா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2016-இல் இதற்குக் கணக்கிட்டனர். சராசரி 100 மைக்ரோகிராம் உள்ள ஊரில், நாள்தோறும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட மிதிவண்டிப் பயணத்தில்தான் கேடு நன்மையை மிஞ்சும். நடையில் அந்நிலை பத்து மணி நேரத்துக்கு மேற்றான். இது ஆண்டுச் சராசரியைக் கொண்டு செய்த கணக்கு. 300, 400 என ஏறும் கார்த்திகை மாத நாட்களுக்கு இதனை அப்படியே பொருத்தலாகாது. 2016 நவம்பரில் டில்லிப் பள்ளிகள் மாசு காரணமாக மூடப்பட்டன. பின்னரும் பல ஆண்டுகளில் அவ்வாறே நேர்ந்தது. அத்தகைய நாட்களில் திடலில் ஓட்டம் வேண்டுவதில்லை; அறைக்குள் ஆசனம், எழுந்தமர்தல் போன்றவை போதும். குளிர்கால விடியலில் காற்று தரையோடு தேங்கி நிற்பதால், ‘அதிகாலையே தூய காற்று’ என்னும் பழக்கமான அறிவுரையும் டில்லியில் தவறாகிவிடுகிறது. வெயில் ஏறிய பிற்பகல் பெரும்பாலும் மேல்.

களத்தில் கருத வேண்டியவை

வளர்ந்தோர்க்கு வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்பு போதுமென உலக நல நிறுவனம் வகுத்துள்ளது. நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். பேச இயலும், பாட இயலாது என்னும் அளவான மூச்சு. பளு தூக்குதல் போன்ற தசைப்பயிற்சி வாரத்தில் இரு நாள் சேரின் நன்று. டில்லியில் நீரிழிவு நோயாளர் 30 பேர், 12 வாரம் மேற்பார்வையில் செய்த இத்தகைய பயிற்சியால் இன்சுலின் திறம்படச் செயலாற்றியதை மிஸ்ரா குழுவினர் 2008-இல் காட்டினர்.

காய்ச்சலுள்ள நாளில் பயிற்சி கூடாது. அப்பொழுது டி.என்.எஃப். ஆல்பா ஏற்கெனவே எழுந்துள்ளது. அதன்மேல் உழைப்பின் சுமையை ஏற்றுவது இதயத் தசையையும் வருத்தக்கூடும். விளையாட்டுப் போட்டி நெருங்குகிறதென்று காய்ச்சலுடன் சிறுவனை ஓடவிடும் வழக்கம் சில பள்ளிகளில் இன்னும் உள்ளது. அதை நிறுத்தும் பொறுப்பு உடற்பயிற்சி ஆசிரியருடையது.

குருதி ஆய்வுக்கு அனுப்புவதிலும் கவனம் தேவை. பழக்கமில்லாத ஒருவர் ஒரு நாள் வயலில் கடுமையாக உழைத்தாலோ, நெடுந்தொலை ஓடினாலோ, மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவருடைய சி-வினைப் புரதம் உயர்ந்து காணும். இன்டர்லூகின்-6 மணிக்கணக்கில் இறங்கிவிட்டாலும், அதன் ஏவலால் கல்லீரல் உண்டாக்கிய புரதம் பாதியாகக் குறையவே 19 மணி நேரம் ஆகும். சளி, பல்லீறு வீக்கம், கால் புண் ஆகியவற்றாலும் இதே உயர்வு தோன்றும். எனவே ஆய்வுக்கு முந்திய இரண்டு மூன்று நாட்களில் செய்த உழைப்பு, அண்மையில் வந்த காய்ச்சல், உள்ள புண் ஆகியவற்றைக் கேட்டுச் சீட்டிற் குறித்தனுப்புதல் வேண்டும். அளவு 10-க்கு மேல் வந்தால் அதனை இதய ஆபத்தின் அடையாளமாகக் கொள்ளாமல், தொற்று உண்டா என்று மருத்துவர் பார்த்த பின், இரு வாரம் கழித்து மீண்டும் குருதி எடுக்கப்படும்.